விசேஷ வீடியோக்களுக்கு முதலில் சரியாகப் பெயர் வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டுப் பக்கம் பல வீடுகளில் இப்போது ஒரு நல்ல காரியம் நடந்து வருகிறது. பெட்டகத்தில் கிடந்த விஎச்எஸ் கேசட், விசிடி, டிவிடி, பழைய ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வீட்டுக்குள்ளேயே ஒரு சிறிய சர்வரில் ஏற்றி, டிவியிலும் கைப்பேசியிலும் பார்க்கும்படி செய்கிறார்கள். ஜெல்லிஃபின், பிளெக்ஸ், கோடி என்று ஏதாவது ஒரு மென்பொருள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகள் அங்கிருந்தபடியே கண்டனூர் வீட்டுக் கல்யாணத்தைப் பார்க்கலாம்.

ஆனால் சர்வரைத் திறந்தால் தேடியது கிடைப்பதில்லை. 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் 2', 'மேரேஜ் ஃபைனல்', 'மேரேஜ் ஃபைனல் ஒரிஜினல்', 'அப்பத்தா பர்த்டே' என்று வரிசையாக நிற்கிறது. எது யாருடைய கல்யாணம், எது எந்த வருடம் என்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மென்பொருளை நிறுவ ஒரு மணி நேரம் போதும். பெயர் வைப்பதற்குத்தான் நாள் கணக்கில் உட்கார வேண்டியிருக்கிறது. அதைத் தள்ளிப்போட்டால் நாளைக்கு அடையாளம் சொல்ல ஆள் இருக்காது. இதைப் பற்றித் தங்கள் வாசகர்களுக்கு விவரமாக எழுத வேண்டும் என்றே இந்தக் கடிதம்.

முதலில் சினிமாவையும் வீட்டு வீடியோவையும் பிரித்து வைக்க வேண்டும். இரண்டுக்கும் சர்வர் நடந்துகொள்ளும் விதமே வேறு. சினிமாவுக்கு வழி எளிது: படத்தின் பெயர், ஓர் இடைவெளி, அடைப்புக்குறிக்குள் வெளியான ஆண்டு. அதே பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் அதே பெயரில் ஃபைல். ஆண்டு ஏன் வேண்டும் என்றால், ஒரே தலைப்பில் இரண்டு மூன்று தமிழ்ப் படங்கள் வந்திருக்கின்றன. ஆண்டு இல்லாவிட்டால் சர்வர் இணையத்தில் தேடி முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளும். அப்படியும் தவறான படம் வந்தால், படங்களின் விவரங்களைத் தொகுத்துவைக்கும் டிஎம்டிபி என்ற இணையதளத்தில் அந்தப் படத்துக்குரிய எண்ணை ஃபோல்டர் பெயரின் கடைசியில் சேர்த்துவிடலாம். ஜெல்லிஃபினுக்குச் சதுர அடைப்புக்குறி, பிளெக்ஸுக்கு நெளிவு அடைப்புக்குறி. தொடர் நாடகம் என்றால் ஆங்கில எழுத்து எஸ், இரண்டு இலக்கத்தில் பருவ எண், இ, பின்னர் அத்தியாய எண். நூறு அத்தியாயத்தைத் தாண்டும் தொடருக்கு மூன்று இலக்கமாக எண்ணிடுங்கள். சினிமாவுக்கு இவ்வளவு போதும். மீதியை இணையம் பார்த்துக்கொள்ளும்.

வீட்டு வீடியோவை எந்த இணையமும் பார்த்துக்கொள்ளாது. கல்யாண வீடியோவைச் சினிமா நூலகத்தில் போட்டுவிட்டால், சர்வர் அந்தப் பெயரில் ஒரு படத்தைத் தேடிப் பிடித்து, அதன் போஸ்டரையும் கதைச் சுருக்கத்தையும் ஐயாவின் மணிவிழாவின் மேல் ஒட்டிவிடும். அதனால் ஜெல்லிஃபினில் நூலகம் சேர்க்கும்போதே 'ஹோம் வீடியோஸ் அண்ட் போட்டோஸ்' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். அந்த வகையில் ஃபைலின் பெயர்தான் திரையில் தலைப்பாக வரும். அதனாலேயே பெயர் முழுமையாக இருக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் பரிந்துரை இது. ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள் விசேஷத்துக்கு ஒரு ஃபோல்டர். அதன் பெயர்: '1987-05-21 கண்டனூர் அழகப்பன்-வள்ளியம்மை கல்யாணம்'. உள்ளே இருக்கும் ஃபைலின் பெயர்: '1987-05-21 கண்டனூர் அழகப்பன்-வள்ளியம்மை கல்யாணம் 03 திருப்பூட்டுதல்'. திருப்பூட்டுதல் என்பது தாலி கட்டும் சடங்கு; 03 அதன் வரிசை எண். ஃபோல்டரிலேயே விவரம் இருக்கும்போது ஃபைலிலும் எதற்கு என்று கேட்பார்கள். யாராவது அந்த ஒரு ஃபைலை மட்டும் பென் டிரைவில் எடுத்துப் போவார்கள். ஃபோல்டர் கூடப் போகாது. தனியாக எடுத்தாலும் ஃபைல் தன் கதையைத் தானே சொல்ல வேண்டும். நாளைக்கு ஜெல்லிஃபின் போய் வேறொன்று வந்தாலும் ஃபைலின் பெயர் அப்படியே இருக்கும். சர்வரின் தரவுத்தளத்துக்குள் மட்டும் தட்டி வைத்த தலைப்பு போய்விடும்.

தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில்தான் எழுத வேண்டும். 21-05-1987 என்று எழுதினால், கணினி வரிசைப்படுத்தும்போது எல்லா வருடத்து 21ஆம் தேதிகளும் ஒன்றாக வந்து நிற்கும். 210587 என்று சேர்த்து எழுதுவது இன்னும் மோசம். சாய்கோடு போடவே முடியாது. விண்டோஸும் லினக்ஸும் அதை ஏற்காது. மாதமும் நாளும் ஒற்றை இலக்கமாக இருந்தால் முன்னால் பூஜ்யம் போடுங்கள். வரிசை எண்ணுக்கும் அப்படியே: 1, 2, 10 என்று எழுதினால் பல கருவிகளில் 1க்கு அடுத்து 10 வந்து நிற்கும்.

கேசட்டின் மேல் ஒட்டிய சீட்டில் தமிழ்த் தேதி மட்டும் இருந்தால் கவனம் தேவை. 'பிரபவ தை' என்று எழுதியிருந்தால் அது 1987 இல்லை. பிரபவ ஆண்டு 1987 ஏப்ரலில் தொடங்கியது. அதன் தை மாதம் 1988 ஜனவரி நடுவில்தான் பிறந்தது. தை, மாசி, பங்குனி மூன்றிலும் இந்தப் பிழை நேரும். தையிலும் மாசியிலும் எத்தனை கல்யாணம் நடக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகை கிடைத்தால் அதையே பாருங்கள்; பெரும்பாலும் இரண்டு தேதியும் அச்சில் இருக்கும். அதைக் கைப்பேசியில் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போட்டுவைத்தால் பின்னால் யாருக்கும் சந்தேகம் வராது.

நாள் தெரியாவிட்டால் '1987-05' என்று மாதத்தோடு நிறுத்துங்கள். மாதமும் தெரியாவிட்டால் '1987' மட்டும். ஆண்டும் உத்தேசம்தான் என்றால் '1987 சுமார்' என்று எழுதுங்கள். தெரியாத இடத்தை 01-01 என்று நிரப்புவது வேண்டாம். நிரப்பியவருக்கு அது உத்தேசம் என்று தெரியும். பத்து வருடம் கழித்துப் பார்க்கிறவர் அதையே நிஜத் தேதியாக எடுத்துக்கொள்வார்.

இனி பெயர்கள். செட்டிநாட்டில் இதில் தனிச் சிக்கல் உண்டு. தாத்தா பெயரைப் பேரனுக்கும் அப்பத்தா பெயரைப் பேத்திக்கும் வைப்பது நம் வழக்கம். ஒரே வீட்டில் தலைமுறை விட்டுத் தலைமுறை ஓர் அழகப்பன் வருவார். 'அழகப்பன் கல்யாணம்' என்று மட்டும் எழுதினால் எந்த அழகப்பன்? கணவன் மனைவி இருவர் பெயரும், ஊரும், ஆண்டும் சேர்ந்தால்தான் ஆள் பிரிந்து தெரியும். ஊர் என்றால் விசேஷம் நடந்த ஊர். பூர்வீக ஊரையும் கோயிலையும் குறிப்பில் எழுதிக்கொள்ளலாம். பெயரைப் பத்திரிகையில் உள்ள எழுத்துப்படியே எழுதுங்கள். ஓரிடத்தில் லெட்சுமணன், ஓரிடத்தில் லட்சுமணன் என்று இருந்தால் தேடும்போது பாதிதான் கிடைக்கும்.

உறவுமுறைச் சொல்லை ஃபைல் பெயரில் சேர்க்கவே கூடாது. ஒரே அம்மையார் மகன் பிள்ளைகளுக்கு அப்பத்தா, மகள் பிள்ளைகளுக்கு ஆயா. 'ஆயா 80' என்று பெயரிட்டவர் வீட்டில் அது விளங்கும். பங்காளி வீட்டில் அது வேறொரு ஆயா.

விசேஷத்தின் பெயரையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மணிவிழா, அறுபதாம் கல்யாணம், சஷ்டியப்தபூர்த்தி, சாந்தி என்று ஒரே சடங்கை நாலு விதமாகச் சொல்கிறோம். பேச்சில் எப்படிச் சொன்னாலும் சரி. ஃபைலில் ஒரே சொல். ஒரு தாளில் எழுதிச் சர்வர் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்: கல்யாணம், மணிவிழா, புதுமை, படைப்பு, புதுமனை, கும்பாபிஷேகம், காதுகுத்து, பிள்ளையார் நோன்பு. புதுமை என்பது பிள்ளைகளுக்குச் செய்யும் சடங்கு; படைப்பு என்பது முன்னோருக்குப் படையலிடும் வழிபாடு. இந்தப் பட்டியலில் இல்லாத சொல் வந்தால் எல்லாருமாகப் பேசிச் சேர்த்துக்கொள்ளலாம். புள்ளிவாரியாக, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியாக, ஃபோல்டர் பிரிக்கும் யோசனையும் சில வீடுகளில் வருகிறது. அது ஒத்துவராது. படைப்பும் கும்பாபிஷேகமும் எல்லாப் புள்ளிக்கும் பொது; ஒரே வீடியோவை ஆறு இடத்தில் நகல் எடுத்து வைக்க வேண்டிவரும். தேதிவாரியாக ஒரே வரிசையாக வைத்துக்கொண்டு, யாருக்கு எது வேண்டுமோ தேடி எடுத்துக்கொள்வதே நல்லது.

விலாசத்தை, அதாவது பெயருக்கு முன்னால் போடும் தலைப்பெழுத்துகளை, சேர்க்க நினைப்பவர்கள் எழுத்துக்குப் பின் வரும் புள்ளியை விட்டுவிட்டு எழுதுங்கள். 'அரு.ராம.' என்று ஃபோல்டர் பெயர் புள்ளியில் முடியக்கூடாது. விண்டோஸ் கடைசிப் புள்ளியைச் சொல்லாமல் வெட்டிவிடும். லினக்ஸ் சர்வரில் அப்படி ஒரு ஃபோல்டரை உண்டாக்கிவிட்டால், விண்டோஸ் கணினியிலிருந்து நெட்வொர்க் வழியாகப் பார்க்கும்போது பெயர் சிதைந்து, அலைக்குறியோடு புரியாத எட்டெழுத்தாகத் தெரியும். 'அரு ராம' என்று இடைவெளி விட்டு எழுதினால் எந்தத் தொல்லையும் இல்லை. கேள்விக்குறி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள் குறி, நட்சத்திரக் குறி ஆகியவையும் விண்டோஸுக்கு ஆகாது.

தமிழிலேயே பெயர் வைக்கலாமா என்று தயங்குபவர்கள் தாராளமாக வைக்கலாம். யூனிகோடில் தட்டிய பெயரை இன்றைய சர்வர்கள் எல்லாம் சரியாகவே காட்டுகின்றன. பென் டிரைவைச் செருகிப் பார்க்கும் சில பழைய டிவிகளில் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரியலாம். அங்கேயும் தேதியும் வரிசை எண்ணும் தெரிந்துவிடும். ஆனால் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, நீளம். லினக்ஸில் ஒரு ஃபைல் பெயருக்கு 255 பைட் எல்லை. ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். 'கு' என்பது கண்ணுக்கு ஓரெழுத்து, கணினிக்கு 'க'வும் கொக்கியுமாக இரண்டு குறி, ஆறு பைட். மேலே சொன்ன 'திருப்பூட்டுதல்' என்ற ஒரு சொல்லுக்கே 45 பைட் ஆகிறது. அந்த முழுப்பெயர் 165 பைட். கடைசியில் வரும் எம்பி4 என்ற நீட்டிப்பையும் அதன் புள்ளியையும் சேர்த்தால் 169. எல்லைக்குள் இருக்கிறது, ஆனால் 'நிகழ்ச்சித் தொகுப்பு', 'பெண் வீட்டார் பதிவு' என்று இன்னும் நீட்டிக்கொண்டே போனால் ஒரு நாள் 'பெயர் மிக நீளம்' என்று நகலெடுப்பு பாதியில் நின்றுவிடும். சினாலஜி என்ற நிறுவனத்தின் சேமிப்புப் பெட்டியில் கடவுச்சொல்லிட்டுப் பூட்டும் ஃபோல்டர் வைத்திருப்பவர்களுக்கு எல்லை 143 பைட்தான். நாம் சொன்ன பெயரே அதில் அடங்காது. அப்படிப்பட்டவர்கள் தம்பதி பெயரை ஃபோல்டரில் வைத்துக்கொண்டு, ஃபைலில் தேதி, ஊர், விசேஷம், எண், சடங்கு என்று மட்டும் வைக்கலாம்.

இரண்டு, கொம்பும் காலும். கோட்டையூர், கோனாபட்டு, கொத்தமங்கலம், கோவிலூர் என்று நம் ஊர்ப் பெயர்கள் பலவற்றில் கொம்பும் காலும் இரண்டு பக்கமும் வரும். 'கோ'வைக் கணினியில் இரண்டு விதமாகப் பதியலாம்: 'ஓ'காரக் குறியை ஒரே குறியாக, அல்லது இரட்டைக் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும். விண்டோஸிலும் கைப்பேசியிலும் தட்டும்போது பெரும்பாலும் முதல் விதம். பழைய ஆப்பிள் கணினிகள் டிஸ்க்கில் எழுதும்போது இரண்டாவது விதமாகப் பிரித்துவிடும். அந்த டிஸ்க்கிலிருந்து லினக்ஸ் சர்வருக்கு நகல் எடுத்தால், அங்கே ஏற்கெனவே இருப்பதோடு சேர்த்து 'கோட்டையூர்' என்று அச்சு அசலாக இரண்டு ஃபோல்டர் தெரியும். தேடினால் ஒன்றுதான் அகப்படும். எழுத்துப்பிழை எங்கே என்று உற்று உற்றுப் பார்த்தாலும் தெரியாது. லினக்ஸில் 'கன்வ்எம்வி' என்று ஒரு சிறு கருவி இருக்கிறது; அதை என்எஃப்சி வடிவுக்கு, அதாவது ஒரே குறியாகப் பதியும் முதல் விதத்துக்கு, மாற்றச் சொன்னால் எல்லாப் பெயரையும் ஒரே விதமாக்கிவிடும். 'பௌர்ணமி'யில் வரும் ஔகாரத்தைக் கொம்பும் ளகரமுமாகத் தட்டுவதும் இப்படித்தான் தேடலைக் கெடுக்கும். ஸ்ரீயையும் ஃபைல் பெயரில் விட்டுவிடுவது நல்லது; பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் அதற்கும் இரண்டு விதமான பதிவு உண்டு.

மூன்று, பழைய எழுத்துரு. பாமினியில் தட்டிய பெயர்கள் இப்போது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து தெரியும். வைரஸ் என்று பயந்து அழித்துவிடாதீர்கள். அதை அப்படியே ஒரு யூனிகோடு மாற்றியில் ஒட்டினால் ஊரும் பெயரும் மீண்டு வரும்.

நகலெடுக்கும்போதே தொலைந்து போகிறவையும் உண்டு. எல்லா விசிடியிலும் வீடியோ ஃபைலின் பெயர் ஒன்றுதான்: ஏவிசீக்01. மூன்று தகடு கொண்ட கல்யாணத்தை ஒரே ஃபோல்டரில் நகலெடுத்தால், 'மாற்றி எழுதவா' என்று கேட்கும். அவசரத்தில் 'ஆம்' என்று அழுத்தினால் முதல் இரண்டு தகடும் போய்விட்டன. டிவிடியில் விடிஎஸ்_01_1, கேம்கார்டரில் 00001 என்று தொடங்கும் எம்டிஎஸ் ஃபைல்கள், எல்லாம் இதே கதைதான். பெண் வீட்டார் ஒரு வீடியோகிராபர், மாப்பிள்ளை வீட்டார் ஒரு வீடியோகிராபர் என்று வைத்தால், இரண்டு கேமராவிலும் அதே எண்கள் இருக்கும். ஆகவே ஒவ்வொரு தகடுக்கும் கார்டுக்கும் முதலில் தனி ஃபோல்டர் போட்டு, தகட்டின் மேல் எழுதியிருப்பதையே அதற்குப் பெயராக வைத்து, முழுதாக நகலெடுங்கள். பெயர் மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு.

டிவிடியில் ஒரு நிகழ்ச்சி ஒரு ஜிபி அளவுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். துண்டுக்குத் துண்டு தனித்தனிப் பெயர் வைத்தால் சர்வர் தனித்தனி வீடியோவாகவே காட்டும். இணைப்பில் பாட்டு துள்ளும். மேக்எம்கேவி போன்ற கருவியில் தகட்டைக் கொடுத்தால் மறுபடி சுருக்காமலே ஒரே ஃபைலாக எடுத்துத் தரும். கேம்கார்டர் கார்டிலும் நீண்ட காட்சியைக் கேமரா தானாக வெட்டி அடுத்த எண்ணில் தொடர்ந்திருக்கும். அவற்றையும் வரிசைப்படி இணைத்த பிறகே பெயர்.

கைப்பேசி வீடியோவில் நேரம் ஏமாற்றும். எம்பி4 ஃபைலுக்குள் பதியும் நேரம் முறைப்படி உலகப் பொது நேரம், அதாவது நம் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். காலை 4.30 முதல் 6 வரை முகூர்த்தம் என்றால், உள்ளே பதிந்திருப்பது முந்தின நாள் இரவு 11 முதல் 12.30 வரை. தானாகப் பெயர் மாற்றும் கருவியிடம் அப்படியே விட்டால், மாலையிடுதல் முந்தின நாளிலும் அதற்கு அடுத்து வருவது மறுநாளிலும் போய் விழும். கூகுள் பிக்சல் கைப்பேசியில் ஃபைல் பெயரிலேயே வரும் நேரமும் பொது நேரம்தான்; சாம்சங்கில் உள்ளூர் நேரம். பல கேமராக்கள் உள்ளூர் நேரத்தையே பொது நேரம் போல எழுதிவிடுகின்றன. அதனால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கட்டளையில் மாற்றாதீர்கள். கேமராவுக்கு ஒன்றாகப் பிரித்து, கடிகாரம் தெரியும் காட்சி ஒன்றைப் பிடித்துச் சரிபார்த்து, பிறகு ஃபைலுக்குள் பதிந்த நேரத்தைத் திருத்தும் எக்சிஃப்டூல் என்ற கருவியில் அந்தந்தக் கேமராவுக்கு உரிய வித்தியாசத்தைக் கொடுங்கள். தேதி 2000 ஜனவரி முதல் நாள் என்பது போலக் காட்டினால் கேமராவின் உள் பேட்டரி தீர்ந்து கடிகாரம் முதலுக்குத் திரும்பியிருக்கிறது என்று பொருள். அந்தத் தேதியை நம்ப வேண்டாம்.

வாட்ஸ்ஆப்பில் வந்த வீடியோவின் பெயரில் இருக்கும் தேதி எடுத்த தேதி ஆகாது. வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய, வந்த தேதிதான் அது. படமும் சுருங்கிப் போயிருக்கும். எடுத்தவரிடம் மூல ஃபைலையே 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள். அப்போது தரமும் பெயரும் மாறாமல் வரும்.

மூன்று மணி நேரக் கேசட்டை ஒரே ஃபைலாக வைத்திருப்பதில் பயன் குறைவு. சடங்குவாரியாக வெட்டினால்தான் ஆட்கள் பார்ப்பார்கள்: 01 மாப்பிள்ளை அழைப்பு, 02 இசைகுடிமானம், 03 திருப்பூட்டுதல், 04 வேவு என்று அந்த வீட்டில் நடந்த வரிசையில். லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள் மறுபடி சுருக்காமல் வெட்டும். அது முழுப் படம் பதிந்திருக்கும் இடத்தில்தான் வெட்டத் தொடங்கும் என்பதால், நீங்கள் குறித்த இடத்திலிருந்து ஒன்றிரண்டு வினாடி தள்ளிப்போகலாம். ஆகவே நாதஸ்வரம் கெட்டிமேளத்துக்கு மாறும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே குறியுங்கள். சடங்கின் பெயரை வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு முறை மாறும்.

ஒவ்வொரு விசேஷ ஃபோல்டரிலும் 'குறிப்பு' என்று ஒரு சாதாரண உரை ஃபைல் இருக்கட்டும். அதில் ஃபைல் எண், நிமிடம், வினாடி, அங்கே தெரிபவர் யார் என்று ஒரு வரி. '03, 12.40, சிவப்புக் கண்டாங்கியில் இடது ஓரம் நிற்பவர் தெய்வானை, பெண்ணின் அத்தை' என்றால் போதும். இந்த வேலைக்குத்தான் அவசரம். கேசட்டை அடுத்த வருடம் கூட மாற்றிக்கொள்ளலாம். முகத்தைப் பார்த்து இன்னார் என்று சொல்லக்கூடிய ஆச்சிக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. பொங்கலுக்கோ படைப்புக்கோ எல்லாரும் ஊருக்கு வரும்போது முகப்பில் டிவியை வைத்து ஓட்டுங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு பிள்ளை தட்டட்டும். சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய நோட்பேடில் 'ஆன்சி' என்று இருந்து அப்படியே சேமித்தால், தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும்; அதை மீட்க வழியே கிடையாது.

பெயர் மாற்றத் தொடங்கும் முன் பழைய பெயர்களின் பட்டியல் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அர்த்தமில்லாத எண்ணாகத் தெரிவது சில நேரம் கேமராவின் வரிசை எண். எந்தக் காட்சிக்குப் பின் எது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். விண்டோஸில் 'உருவாக்கிய தேதி' என்று காட்டுவதை நம்பாதீர்கள். நகல் எடுத்த நாளைத்தான் அது காட்டும்.

மூல ஃபைலையும், பார்ப்பதற்கான நகலையும் இரண்டு தனி ஃபோல்டர்களில் வையுங்கள். சர்வருக்குப் பார்க்கும் நகலை மட்டும் காட்டுங்கள். மினிடிவி என்ற சிறிய கேம்கார்டர் கேசட்டின் மூல ஃபைல் மணிக்குச் சுமார் 13 ஜிபி இருக்கும். அதை நேரடியாக டிவியில் ஓட்டினால் சர்வர் அந்த நேரத்திலேயே மாற்றித் தர வேண்டியிருக்கும். சிறிய பெட்டி திணறும். எச்.264 வீடியோவும் ஏஏசி ஒலியுமாக எம்பி4இல் ஒரு நகல் எடுத்தால் எந்த டிவியும் மாற்றாமல் ஓட்டும். பழைய கேசட்டில் ஒரு வரி விட்டு ஒரு வரியாகப் பதிந்திருப்பதால், நகலெடுக்கும்போது 'டீஇன்டர்லேஸ்' செய்யாவிட்டால் கை அசையும் இடத்தில் எல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு விழும். ஆனாலும் மூலத்தை அழிக்காதீர்கள்; நாளைக்கு இதைவிட நல்ல முறை வரும். இரண்டு இடத்திலும் ஒரே பெயராக இருந்தால் எதற்கு எது மூலம் என்று தேட வேண்டாம்.

ஜெல்லிஃபினில் சினிமா நூலகத்தின் அமைப்பில் படத்தின் விவரங்களை என்எஃப்ஓ என்ற உரை ஃபைலாகச் சேமிக்கவும், படங்களை மீடியா ஃபோல்டரிலேயே வைக்கவும் குறியிட்டு விடுங்கள். சர்வர் பழுதானாலும் விவரம் டிஸ்க்கில் மிஞ்சும். இன்னொன்று, நம் வீடுகளின் தடித்த சுவரைத் தாண்டி வைஃபை இரண்டாம் கட்டுக்குப் போவது சிரமம். படம் நின்று நின்று ஓடினால் ஃபைலைக் குறை சொல்லாமல் ஒரு நெட்வொர்க் கேபிளை இழுங்கள். நூறு மீட்டர் வரை தாங்கும்.

விசேஷ வீடியோ எடுக்கும் தொழிலாளர்களுக்கும் தங்கள் இதழ் வழியாக ஒரு வேண்டுகோள். முழு ஆல்பம் கொடுக்கும்போதே ஃபோல்டரில் தேதியும் ஊரும் தம்பதி பெயரும் எழுதி, சடங்குவாரியாக எண்ணிட்டுக் கொடுங்கள். பத்திரிகை உங்கள் கையிலேயே இருக்கிறது. பத்து நிமிட வேலைதான். விசேஷத்துக்கு முன் எல்லாக் கேமராவின் கடிகாரத்தையும் ஒன்றாகத் திருத்தி வைத்தால் வீட்டாரின் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். வீட்டாரும் பணம் பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

பெயர் வைத்து முடித்த டிஸ்க்குக்கு இன்னொரு நகல் எடுத்து வேறு ஊரில் உள்ள பங்காளி வீட்டில் வைக்க வேண்டும். பூட்டிய வீட்டுக்குள் கோடை வெப்பத்தில் கிடக்கும் ஒற்றை டிஸ்க்கை நம்பக் கூடாது. ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்கை இணைத்து வைப்பதும் காப்பு நகல் ஆகாது. தவறுதலாக அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். ஆண்டுக்கு ஒரு முறை, ஊருக்கு வரும்போது, இரண்டு டிஸ்க்கையும் ஒப்பிட்டுப் பார்த்துப் புதிதாகச் சேர்ந்ததை நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பழைய வீடியோ மாற்றும் தொழிலில் உள்ளவர்கள்,
காரைக்குடி.